செவலையின் வாயில் கை விட்ட நாள்

புதிதாகக் கால்நடை டாக்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நல்ல விஷயம் எழுதும் தெம்பு எனக்கு இப்போது இல்லை. முழங்கால் இரண்டும் ஜவ்வாது மலையில் ஏறி இறங்கியே தேய்ந்துவிட்டன. அங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பிடித்தால் படியுங்கள்.

நாய்க்குட்டி வாங்கிய மறுநாளே தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வருகிறார்களாமே. தடுப்பூசி அட்டை, அட்டையில் குட்டியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் உண்டு என்று என் மருமகள் சொன்னாள். கேலி செய்யத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் நான் மலைமேல் வேலைக்குப் போனபோது நாயை டாக்டரிடம் காட்டலாம் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. டாக்டர் என்றால் மாட்டுக்கு. அதுவும் உழவு மாட்டுக்கு. காலையில் ஏர், மத்தியானம் சாமைப் போரடிப்பு, சாயங்காலம் முதுகில் மூட்டை என்று வீட்டில் எல்லாரையும்விட அதிகம் உழைக்கிற ஜீவன் அதுதான். அது படுத்துவிட்டால் அந்த வருஷச் சோறு போய்விடும்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்லூரியில் தங்கப் பதக்கம் வேறு வாங்கியிருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சித்திரைக் கடைசி. புளி உலுக்கி முடிகிற நேரம், மாங்காய் விழ ஆரம்பிக்கிற நேரம். ஒரு காலையில் வெள்ளையன் என்பவர் இரண்டு மணி நேரம் நடந்து மருந்தகத்துக்கு வந்தார். மலைக்காரர், சாமை விவசாயி, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய ஜோடி மாட்டில் செவலைக்கு உடம்பு சரியில்லை. தீனி எடுக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகுகிறது, குரல் கம்மிப்போய்க் கத்துகிறது.

"தொண்டையில இன்னாமோ மாட்டிக்கினு கீது சார்," என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். கூடவே போனேன். தொழுவத்துக்குப் பக்கத்திலேயே மாமரம், கீழே உதிர்ந்து கிடந்த காய்கள். எனக்கு வேறென்ன வேண்டும்? மாங்கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பாடத்தில் அப்படித்தான் இருந்தது, கண்ணெதிரே மரமும் இருந்தது. மரம் இருக்கிற இடத்தில் கொட்டை இருக்கும் என்று நினைத்தேனே தவிர, மாட்டின் கண்ணை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வெள்ளையனை நாக்கைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். தாடையை அவருடைய மனைவி பொன்னி பிடித்துக்கொண்டார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் உள்ளே விட்டேன். முந்தின நாள் மருந்துக் குப்பியை உடைக்கும்போது என் கட்டை விரலில் கண்ணாடி கிழித்திருந்தது. வெள்ளையனின் கையைச் சொல்லவே வேண்டாம், மண்வெட்டி பிடித்த கை, வெடிப்பு இல்லாத இடம் கிடையாது. செவலை எங்களை எதுவும் செய்யவில்லை. நாக்கையும் தாடையையும் பிடித்தவை பத்து வருஷமாக நம்பிய கைகள் ஆயிற்றே, நின்றுகொண்டிருந்தது.

கொட்டை எதுவும் கையில் தட்டுப்படவில்லை. தெரியவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பதக்கம் வாங்கியவன் எப்படிச் சொல்வான்? "உள்ள இறங்கிடுச்சு, நாளைக்குச் சரியாயிடும்," என்றேன். ஒரு ஊசி போட்டேன். பொன்னி மோர் கொடுத்தார், குடித்தேன். அந்த அம்மாள் ஓயாமல் பேசுவார். மாட்டைப் பற்றி, மாமியாரைப் பற்றி, வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வரும் பாயின் லாரி மலையேறும்போது போடும் சத்தத்தைப் பற்றி. புதுசாக வந்திருக்கும் டாக்டருக்கு மலைச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை என்று என்னையும் ஒரு வாரு வாரினார். நான் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். அவ்வளவு பேசுகிறவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அடுத்த மூன்று நாள் மலையின் மறுபக்கத்தில் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடும் வேலை. நாலாம் நாள் மத்தியானம் திரும்பும் வழியில் செவலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறினேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. அது நோய்பட்ட மாடு முனகும் சத்தமில்லை. அடித்தொண்டையிலிருந்து, கிழிந்த குரலில், விடாமல் கத்தியது. பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. தலையைத் தூணில் முட்டி முட்டித் தோல் உரிந்திருந்தது. ஜோடி மாடு மயிலையைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள்.

புத்தகத்தில் வெறிநோய்ப் பக்கத்தில் அடிக்கோடு போட்டுப் படித்த வரி ஞாபகம் வந்தது: தொண்டையில் எதுவோ அடைத்தது போல் தோன்றும், கை விட்டுப் பார்க்காதே. பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் கேட்டேன், இந்த மாட்டை நாய் ஏதாவது கடித்ததா என்று.

பொன்னி உடனே சொன்னார். செங்கம் சந்தையிலிருந்து வெள்ளையன் ஒரு நாய்க்குட்டி கொண்டு வந்திருந்தார், சாமைக் காட்டில் பன்றி விரட்ட. டைகர் என்று பெயர் வைத்தார்கள். வந்த கொஞ்ச நாளில் செவலையின் மூக்கைக் கவ்வியது. விளையாடுகிறது என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் குட்டிக்குத் தாடை தொங்கிப்போய்விட்டது. எலும்பு சிக்கியிருக்கும் என்று பொன்னி அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தார். பல் கீறி ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் குட்டி செத்துப்போயிற்று. இதெல்லாம் நடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

நான் தொண்டை என்று முடிவு கட்டிய அதே தப்பைத்தான் அவர் எலும்பு என்று செய்திருக்கிறார். அவர் படிக்காதவர். நான் படித்தவன்.

இனி நான் சொல்லப்போவதுதான் முக்கியம். நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவது யாருக்கும் நடக்கும். அதற்கு அப்புறம் செய்தது இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் உடனே கீழே இறங்கி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பொன்னிக்கு ஏற்கெனவே ஐந்து வாரம் போய்விட்டது, ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எந்த மருந்தும் கிடையாது. இதை இப்படியே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஊர் அலறும். புது டாக்டர் வெறி பிடித்த மாட்டின் வாயில் நம் ஆளைக் கை விட வைத்தான் என்று மலை முழுக்கப் பேசுவார்கள். மேலிடத்துக்குப் புகார் போகும். அதனால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும், மாட்டோட எச்சில் பட்டிருக்கு, கொஞ்சம் விஷம் இருக்கலாம். கீழ போய் ஊசி போட்டுக்கிட்டு வந்துடலாம்," என்றேன்.

வெள்ளையன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கயிறு. நான் போன மறுநாள் சாயங்காலம் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். அந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை வெள்ளையன் வீட்டுக்கு. அதனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் காப்பு. திருவிழா முடியும் வரை ஒன்பது நாள், காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"ஒம்போது நாளு சார். கரகம் எறக்கிட்டு வந்துட்றோம்," என்றார்.

பொன்னி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு கொட்டைன்னீங்க. இன்னிக்கு விஷம்ன்றீங்க. எத்த சார் நம்பறது?"

கொட்டையும் இருந்திருக்கலாம், அதோடு இதுவும் சேர்ந்திருக்கலாம் என்றேன். சொன்னேன், பிள்ளைகளே. இந்த வாயால்தான் சொன்னேன். அந்த அம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், நான் தடுத்தேன்.

கீழே இறங்கும் வழியெல்லாம் காப்புக் கயிற்றைத்தான் திட்டிக்கொண்டு போனேன். மூடநம்பிக்கை, படிப்பில்லாத ஜனம், சாமி பெயரைச் சொல்லி உயிரை விடுகிறார்கள் என்று. பழி போட ஒன்று கிடைத்துவிட்டால் மனசுக்கு எவ்வளவு சுகம். மருந்தகத்துக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். என் கட்டை விரலைப் பார்த்தேன். நான் நாளைக்கே போய் ஊசி போட்டுக்கொள்வேன், எனக்குக் காப்பு இல்லை. அவர்கள் திருவிழா முடிந்துதான் வருவார்கள். அப்படியென்றால் நான் அவர்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? செத்தால் சாகட்டும் என்றுதானே.

விடிந்ததும் மறுபடி ஏறினேன். செவலை அதிகாலையில் செத்துவிட்டிருந்தது. ஊர் ஜனம் கோயில் முன்னால் கூடியிருந்தது, பொங்கல் பானைக்கு மண் அடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார். குட்டையான மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். காப்புக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர் கை. அவர் முன்னால் போய் நின்றேன்.

"கவுண்டரே, தப்பு என்னோடது. அன்னிக்கு வெள்ளையன் மாட்டுக்கு இருந்தது வெறி. எனக்குத் தெரியல. கொட்டைன்னு சொல்லி இவங்க ரெண்டு பேரையும் அதோட வாயைப் பிடிக்க வச்சேன். நேத்து தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பேர் கெட்டுடும்னு மறைச்சேன். இவங்க இன்னிக்கே கீழ வந்து ஊசி போட ஆரம்பிக்கலன்னா உயிருக்கு நிச்சயமில்ல. எனக்கும் அதே கதிதான்."

யாரும் கத்தவில்லை. என்னை அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அடுப்புக்கு மண் குழைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டு நின்றார்கள். ஊர்க்கவுண்டர் எழுந்தார். வெள்ளையனையும் பொன்னியையும் கூப்பிட்டார். அம்மனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு இரண்டு பேர் மணிக்கட்டிலிருந்தும் கயிற்றை அவிழ்த்தார். கரகத்தை வெள்ளையனின் பங்காளி வீட்டுக்கு மாற்றினார். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இத்த நேத்தே சொல்லியிருந்தா நேத்தே அவுத்திருப்பேனே சார்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பாயின் லாரிதான் எங்களை இறக்கியது. விஷயம் கேட்டதும் பாய் பாதி மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார். முன்னால் எங்கள் மூவரையும் உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் மூட்டைமேல் ஏறிக்கொண்டார்.

பதினாலு நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூன்று பேரும் ஒன்றாகக் கிடந்தோம். ஊசியின் வலி என்ன என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை, இப்போது கையில் போட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்போது வயிறு முழுக்கக் கட்டி கட்டியாக வீங்கிவிடும், குப்புறப் படுக்க முடியாது. மாட்டுக்கு ஊசி போடுகிறவருக்கே ஊசியா என்று பொன்னி தினமும் சிரிப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கெல்லாம் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார். கொட்டைக் கதையை மட்டும் சொல்லவே இல்லை. விட்டுக்கொடுக்கவில்லை என்னை.

பத்தாவது நாளோ என்னவோ, வெள்ளையன் டீ வாங்கப் போயிருந்தபோது நானே பேச்சை எடுத்தேன். முதல் நாள் ஏன் நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்டேன். இதுவும் பழியை அவர் பக்கம் தள்ளுகிற கேள்விதான், கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

"மாட்டுக்கு வந்த டாக்டராண்ட நாய் கதைய எதுக்கு சொல்லணும்னு வுட்டுட்டேன் சார். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு, குட்டிக்கு ரொம்ப வலித்திருக்குமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மலைக்காரர் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஊசி முடிந்து ஊர் திரும்பினோம். அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துப் பார்ப்பேன். குடிக்க முடிகிறதா, தொண்டை இறுக்குகிறதா என்று. குடித்து முடித்ததும் ஒரு நாள் ஓடிவிட்டது என்று மூச்சு வரும். வெள்ளையன் வீட்டிலும் அப்படித்தான் குடித்திருப்பார்கள்.

மூன்றாவது வாரம் பொன்னியால் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேரும்போது இருட்டு அறையில் தனியாக வைத்திருந்தார்கள். கதவு வரைக்கும் போனேன், உள்ளே போகவில்லை. என்னைக் கண்டால் அந்த நேரத்திலும் ஏதாவது பேசுவாரோ என்று பயம். இரண்டு நாளில் போய்விட்டார். வெள்ளையனுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊசி போட்ட டாக்டரிடம் கேட்டேன், அந்த நாலைந்து நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிச்சயமாகச் சொல்ல முடியாது, முன்னால் வந்திருந்தால் நல்லது என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றார். இந்தப் பதிலை நாற்பது வருஷத்துக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். சில நாள் முதல் பாதியை எடுத்துக்கொள்வேன். பெரும்பாலும் இரண்டாவது பாதிதான் வரும். முதல் நாளே கேட்டிருந்தால் காப்பே கட்டியிருக்க மாட்டார்கள். நாலாம் நாள் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவிழ்த்திருப்பார்கள்.

வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன் என்று நாம் எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே வாய் இருக்கிறவர்களிடம் கேட்பதை விட்டுவிடுகிறோம். வீட்டில் வேறு என்ன பிராணி இருக்கிறது, எது செத்தது, எப்படிச் செத்தது, யார் தொட்டார்கள் என்று கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு தொடுங்கள். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே, முழுசாகச் சொல்லிவிடுங்கள். பாதி உண்மையைக் கேட்டவர்கள் பாதி அவசரம்தான் காட்டுவார்கள், அது அவர்கள் குற்றமில்லை. உபதேசம் இவ்வளவுதான், எனக்கும் பேசி அலுத்துவிட்டது.

அடுத்த வருஷம் அறுவடைக்குப் பிறகு வெள்ளையன் மருந்தகத்துக்கு வந்தார். அதுவரை அவர் வரவே இல்லை. மயிலைக்கு ஜோடி வாங்கியது, ஒரு தடவை அதற்குக் கால் பிசகியது எல்லாம் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னைத் தேடி வராததில் எனக்கு வருத்தம் இல்லை. எந்த முகத்தோடு வருத்தப்படுவது?

தோளில் துண்டு, துண்டுக்குள் ஒரு நாய்க்குட்டி. மேசைமேல் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். கலசப்பாக்கத்தில் ஒருவர் வீட்டில் பிறந்தது. தாய் நாய் உயிரோடு இருக்கிறது, கூடப் பிறந்த மூன்றும் நன்றாக இருக்கின்றன, நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தெருநாய் எதுவும் அண்டவில்லை. கொண்டு வந்து ஆறு நாள். கஞ்சி குடிக்கிறது, தண்ணீர் குடிக்கிறது. வீட்டு மாடுகளின் பக்கம் விடவில்லை. அவரைத் தவிர யாரும் தொடவில்லை. ஒப்பிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார், சொல்லும்போது குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மலையில் நாய்க்கு ஊசி என்று வந்த முதல் ஆள் அவர்தான். பொன்னி போன பிறகு, யாரும் வராவிட்டாலும் இருக்கட்டும் என்று தடுப்பு மருந்தைக் கேட்டு வாங்கி மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றினேன். அவர் குட்டியைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். போட்டேன்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, பன்றித் தொல்லை இந்த வருஷம் அதிகமா, காட்டுக் காவலுக்கா என்று கேட்டேன்.

"காவலுக்கு இல்ல சார்," என்றார். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார். "வூட்ல பேச்சு சத்தமே இல்ல."

அடுத்த வருஷம் இதே மாதம் மறுபடி ஊசி போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். நான் மாற்றலாகி மலையை விட்டு இறங்கும் வரை ஒரு வருஷமும் தவறாமல் கொண்டு வந்தார்.